காலி பண்ணச் சொன்ன வருஷம்

பொங்கல் கழிந்ததும் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிடும்படி வீட்டுக்காரர் சொன்னபோது, நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேசினார். மாடியில் குடியிருக்கிற, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். அன்றைக்கு மட்டும் குரல் தணிந்திருந்தது.

“உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லம்மா. நானும் எவ்ளோ நாளு பாத்துக்கினு இருக்கிறது? என் மருந்துச் செலவு இந்த வாடகையிலதான் ஓடுது. பொங்கல் முடிஞ்சதும் சாவியக் குடுத்துடு.”

“சரிங்க” என்றேன். அவர் போன பிறகும் ஊசி கையில் இருந்தது. கொக்கியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்ததைப் பார்த்துப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது என் பெண் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பிளஸ் டூ. முன்னறையில் என் தையல் மிஷின், உள்ளறையில் படுக்கை, பின்னால் சமையல் கட்டு. தெருவில் பாதிப் பெண்களின் அளவு ரவிக்கை என்னிடம் இருக்கும். என் கணவர் கொத்தனார். ஆடி மாதம், சின்னசேலம் ரோட்டில் ஒரு கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பாதம் மட்டும் மேலே தூக்க வரவில்லை. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி முதலில் கொஞ்சம் கொடுத்தார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். என் தையல் வருமானம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் சரியாக இருந்தது. வாடகைதான் நின்றது.

உள்ளறையிலிருந்து என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் போய் உட்கார்ந்ததும், “அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டு மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

குறைந்த வாடகையில் வேறு வீடு பார்க்கலாம் என்று கிளம்பினேன். எத்தனை பேர், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கேட்டார்கள். நைனார்பாளையம் பக்கம், கிறிஸ்தவங்க என்று சொன்னதுமே சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். அதைத் தாண்டியவர்கள், “உங்க வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?” என்று கேட்டார்கள். அடிபட்டு வீட்டில் இருக்கிறார் என்றால் முகம் மாறும். ஒரு அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டி, அலமாரிக் கதவைத் திறந்து மூடியெல்லாம் காட்டினார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “முடியாதவரை வெச்சிக்கினு வரீங்க. எதுனா ஒண்ணு ஆயிடுச்சின்னா, அப்பால இந்த வூட்டுக்கு யாரும் குடி வர மாட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அங்கே தண்ணீர் உப்பு என்று சொன்னேன். அடுத்த வீட்டுக்கும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வீட்டுக்கும் சொன்னபோது என் கணவர், “கள்ளக்குறிச்சி பூராவுமே தண்ணி உப்பா பூடுச்சா இன்னா?” என்று சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வீடு தேடிப் போகவில்லை.

கோயிலில் சொல்லு என்று அவர்தான் சொன்னார். எங்கள் ஆலயத்தில் ஏழைகளுக்கு உதவுவதற்கென்று ஒரு குழு உண்டு. நானே கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்களோடு அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதனாலேயே கேட்கக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, குழுவின் மூத்தவரான ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் சொன்னேன். அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஒரு மாத வாடகையை எங்களிடம் கொடுக்காமல் நேராக வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

புறப்படும்போது, “இந்த மாசத்துக்குக் குடுத்தாச்சும்மா. அடுத்த மாசத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் போன பிறகு ரொம்ப நேரம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். உதவி கேட்டுப் போகிறவள் கையில், அடுத்து என்ன செய்வேன் என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், கொடுக்கிறவருக்கும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான் இருக்கும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்று தெரியும். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் ஒரு பெண் போலீஸ் என் பையை வாங்கி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நான் விழித்ததைப் பார்த்து, “கெரசின் கொண்டு வந்துடறாங்கக்கா. எல்லாரையும்தான் பாக்கறோம்” என்றாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். இதே வழியில், மனுவோடு அதையும் எடுத்து வந்தவர்கள் யார் யாரோ. அவர்களுக்கும் வீடுதான் போயிருக்குமோ என்று நினைத்தேன்.

மனுவை வாங்கிப் பார்த்தவர் நடுவயதுக்காரர், பொறுமையாகப் படித்தார். “வாடகை கட்டறதுக்குன்னு திட்டம் எதுவும் இல்லம்மா. மனைப் பட்டாவுக்குக் கேளுங்க, வீட்டுக்குக் கேளுங்க, எடுத்துக்கறேன். அது வர்றதுக்கு நாளாகும்.”

“அதுக்குள்ள தெருவுக்கு வந்துட்டா என்னங்க பண்றது?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வந்துட்டா, வீடில்லாதவங்க தங்கறதுக்கு இடம் இருக்கு. ஆனா வயசுப் பொண்ணையும் முடியாதவரையும் கூட்டிக்கினு போய் எத்தன நாள் இருப்பீங்க?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர் கட்டட வேலைக்காரங்க வாரியத்துல பதிஞ்சிருக்காரா?” என்று கேட்டார். எப்போதோ சங்கத்துக்காரர்கள் கூட்டிப்போய்ப் பதிந்தது நினைவில் இருந்தது, அவ்வப்போது ஆட்கள் வந்து புதுப்பிக்கவும் சொல்வார்கள். சொன்னேன். விபத்தில் ஊனமானதற்கு வாரியத்தில் உதவி உண்டு, தொழிலாளர் ஆபீசில் கேளுங்கள் என்று மனுவின் பின்பக்கம் குறித்துக் கொடுத்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் நிழலில் வந்து நின்றேன். வீடு போனவர்களுக்கு ஏதோ இருக்கிறது. வீடு போகப்போகிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. விழுந்த பிறகு தூக்குவதைவிட விழாமல் பிடிப்பது சுலபம்தானே, அதை ஏன் யாரும் செய்வதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “உங்களுக்கும் வூட்டு விஷயமாக்கா?” என்று கேட்டாள். நான் உள்ளே பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டிப் போகிற ஏதோ ஒரு ஊர். பிள்ளைகள் இரண்டையும் கீழே படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை. அங்கே மழையில் வேலை நின்றுபோக, பணம் வருவது தாமதமாகியிருக்கிறது. மலையில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பினால், வீட்டுக்காரன் கதவில் வேறு பூட்டுப் போட்டுவிட்டான். துணிமணி, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் உள்ளே. தெரிந்தவர் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“சட்ட உதவின்னு எங்க மலைக்கு வந்து மைக் வெச்சி சொல்லிட்டுப் போனாங்கக்கா. கோர்ட்டுலயே இருக்குதாம். காசு கேக்க மாட்டாங்களாம். ஒண்டியா போறதுக்குத்தான் பயமா இருக்குது. நீங்க வரீங்களா?”

கோர்ட் என்ற வார்த்தைக்கு நானும் பயந்தவள்தான். ஆனால் மாற்றுத்துணிகூட இல்லாமல் ஒருத்தி கூப்பிடும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவளுக்குத் துணையாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எனக்காகப் போக வேண்டும் என்றால் போயிருக்க மாட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கோர்ட் வளாகத்தில் ஒரு ஓரமாக இருந்தது அந்த அறை. மேஜை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். என்னைவிட இளையவளான ஒரு வக்கீல் அம்மா இருந்தார். மலைக்காரப் பெண் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வீட்டுக்காரனின் நம்பரை வாங்கிப் போன் போட்டார். கத்தவில்லை. எந்த உத்தரவும் இல்லாமல் குடியிருப்பவரின் வீட்டைப் பூட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் நிதானமாக விளக்கினார். பாக்கி வாடகையைப் பற்றிப் பேச ஒரு நாள் தருகிறோம், வாருங்கள் என்றார். அன்று சாயங்காலமே பூட்டு திறந்தது.

போனை வைத்ததும் என்னைப் பார்த்து, “நீங்க என்ன விஷயமா வந்தீங்க?” என்றார்.

“இவங்களுக்குத் துணைக்கு.”

“இல்ல மேடம். அக்காவுக்கும் வூட்டுப் பிரச்சனைதான்” என்றாள் அவள்.

பிறகு நானும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது, வீட்டுக்காரர் நல்லவர்தான் என்பதை இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன் போல. வக்கீல் அம்மா லேசாகச் சிரித்தார். “நல்லவர்னா பேசறது சுலபம். அவர் நினைச்ச நேரத்துல உங்கள வெளியே அனுப்ப முடியாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அதே மாதிரி, நீங்க குடுக்க வேண்டிய வாடகை குடுக்க வேண்டியதுதான். ரெண்டு பேரையும் உக்கார வெச்சிப் பேசலாம். வரச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் அனுப்பறேன்.”

இதற்கு என்ன செலவாகும் என்று கேட்டேன். பெண்கள் என்றாலே இலவசம்தான் என்றார்.

நோட்டீஸ் போன மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். நான் மேலே ஏறிப் போய்க் கேட்டதற்கு, “என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்ட இல்ல? அங்கயே போய்த் தண்ணி கேளு” என்றார். நாற்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அவர் கையில் கோர்ட் முத்திரை போட்ட காகிதம். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தியாக இருந்தது. என் பெண் யூனிபார்மோடு தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டு வந்தாள். வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது இவர் வாக்கரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விழுந்ததற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வாசல்படியைத் தாண்டியதில்லை. மாடிப்படி ஏற முடியாது. கீழேயே நின்று கூப்பிட்டார். வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஐயா, உங்கள அசிங்கப்படுத்த அந்த நோட்டீஸ் இல்லீங்க. கொஞ்சம் டைம் கேக்கணும். உங்க மூஞ்சப் பாத்துக் கேக்க எனக்கு வாய் வரல. கேக்கற நெலமையில நான் என்னைக்கும் இருந்ததில்ல. அதான் நடுவுல ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்னு பாத்தோம். நீங்க வாங்க. வந்து உங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இவர் வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மத்தியானம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

பேச்சுவார்த்தைக்கு வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உட்கார்ந்ததும் அதிலிருந்து மாத்திரை அட்டைகளையும் ஊசி மருந்துகளையும் எடுத்து மேஜை முழுக்கப் பரப்பினார். “இது ஒரு மாசத்துக்கு. என் சம்சாரத்துக்கு வேற தனியா இருக்குது. நான் பேராசைக்காரன் இல்ல மேடம்” என்றார். அந்த அம்மாவுக்கும் உடம்பு முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷம் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்தும் அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவரும் இவருடைய காலைப் பற்றி வாசலில் நின்றுதான் விசாரித்திருக்கிறார்.

வக்கீல் அம்மா பாக்கி எவ்வளவு என்பதில் தொடங்கவில்லை. “உங்களுக்கு எது இல்லாம முடியாது? அத மட்டும் சொல்லுங்க” என்று இரண்டு பேரையும் கேட்டார்.

அவர், மாதாமாதம் மருந்துக் கடைக்குப் போகிற நாளில் கையில் பணம் வேண்டும் என்றார். நான், பெண்ணின் பரீட்சை முடிகிற வரைக்கும் இந்த வீடு வேண்டும் என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் கேட்டது ஒன்றோடு ஒன்று முட்டுகிற விஷயமே இல்லை. நின்றுபோன வாடகையை நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸில் கழித்துக்கொள்வது, இனி வருவதில் பாதியை அவர் சொல்கிற தேதியில் தவறாமல் கொடுப்பது, மீதியை வாரியப் பணம் வந்ததும் தீர்ப்பது, மே மாதம் நாங்களாகவே காலி செய்வது என்று முடிவாயிற்று. எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் நின்று, “ஆட்டோவுலயா வந்தீங்க? ஒண்ணாவே போயிடலாம் வா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரிடம் போய், அடுத்த மாதத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, மே வரைக்கும் அந்தப் பாதியில் ஒரு பங்கைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றார். முதல் தடவை வாங்கியபோது இருந்த குன்றல் இந்தத் தடவை இல்லை. முடிகிற தேதி தெரிந்த உதவி என்பதாலோ என்னவோ.

பெண் பரீட்சையைத் தன் வீட்டிலிருந்து, தன் ஜன்னலோரத்தில் படித்து எழுதினாள். பெரிய மார்க் எல்லாம் இல்லை. காலேஜில் இடம் கிடைக்கிற அளவுக்கு வந்தது. வாரியத்தில் இவருடைய பதிவு உயிரோடு இருந்தது. ஊனச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் வெயில் காலம் போயிற்று. பணம் வந்தது, சொன்னபடி வீட்டுக்காரருக்குக் கொடுத்தோம். வாத்தியாரின் சொந்தக்காரர் சின்னசேலத்தில் சிமெண்ட், கம்பி விற்கிற கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலை இவருக்கு அங்கே கிடைத்தது.

மே மாதக் கடைசியில் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றினோம். பட்டப்பகலில், தெருவே பார்க்க, சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வாசலில் சாமான் வீசப்பட்டு வெளியேறுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் ஃபேனையும் குழாயையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். “சின்னசேலத்துல மூட்டு வலிக்கு யாரு நல்லா பாக்கறாங்கன்னு விசாரிச்சி சொல்லும்மா” என்றார். விசாரித்துச் சொன்னேன். ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அந்த டாக்டரைப் பார்க்க வந்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சின்னசேலத்தில் என்னை யாருக்கும் தெரியாது. பழைய தெருவின் அளவு ரவிக்கைகளை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்து தைத்துக் கொடுத்தேன். புதிதாகத் துணி கொடுக்க இங்கே ஆள் பிடிக்க ஒரு தீபாவளி கடக்க வேண்டியிருந்தது. மலைக்காரப் பெண் இன்னும் அதே ரூமில்தான் இருக்கிறாள். புருஷன் பணம் அனுப்பத் தாமதமானால், முன்கூட்டியே வீட்டுக்காரனிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லித்தான் சிலர் எனக்குப் போன் செய்கிறார்கள். எங்கே போவது என்று சொன்னால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். முடிந்த நாளில் கூடப் போகிறேன்.

ஒரு தடவை முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்த வயசான புருஷன் பெண்சாதி, அவர்களையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அவசரமாகத் தைக்க வேண்டிய துணி இருந்ததால், திங்கட்கிழமை வருகிறேன், பொறுங்கள் என்று சொல்லியிருந்தேன். போனபோது அந்த வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் போகிறார்கள், யார் கண்ணிலும் படாமல். பல நாள் முயற்சிக்குப் பிறகு அந்த அம்மா போனை எடுத்தார். ஆத்தூரில் மகள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகையில் இருக்கிறார்களாம். மருமகன் ஒன்றும் சொல்வதில்லையாம், ஆனால் பேசுவதும் இல்லையாம்.

“நீங்க குடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்துச்சாங்கம்மா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கேக்கலாமா இன்னா?” என்றார்.

கேட்கலாம் என்று சொன்னேன். பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, எந்த பஸ்ஸில் வந்தால் கோர்ட் பக்கம் இறங்கலாம் என்று கேட்டார்.